அலுமாரிக்கு மேலிருந்த மூன்று கணினிகள்: எதை முதலில் திருத்துவது, எதை விட்டுவிடுவது

பழைய கணினியை இறக்கி மேசையில் வைத்ததும் 'வேலை செய்யுதோ பாப்பம்' என்று பிளக்கைச் செருக வேண்டாம். இந்தப் பதிவிலே ஒரு வரியை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பத்துப் பதினைந்து வருடமாகக் கரண்ட் காணாத பவர் சப்ளையில் கப்பாசிற்றர்கள் காய்ந்திருக்கும். உள்ளே பல்லி எச்சமும் எறும்புக் கூடும் இருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால், 5 வோல்ற் வரவேண்டிய வயரில் அதைவிடக் கூட வந்து மதர்போட்டோடு ஹாட்டிஸ்க்கையும் எரித்துவிடலாம். போட் போனால் இன்னொன்று தேடலாம். டிஸ்க்கில் இருக்கிற கலியாணப் படங்களையும், இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவு மலரின் மூலக் கோப்பையும் எந்தக் கடையிலும் தேட முடியாது.

இங்கே திறந்தவை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரே வீட்டின் அலுமாரிக்கு மேலே படங்குத் துண்டால் மூடியிருந்த மூன்று பெட்டிகள். குடாநாட்டு வீடுகளுக்குக் கணினி வந்த வரிசையே இவற்றில் தெரிகிறது. 1990களின் பெரும்பகுதியில் போரால் இங்கே கம்பி வழியாக மின்சாரம் இல்லை. பற்றரியே தடைசெய்யப்பட்ட சாமான். அதனால் வேறு ஊர்களில் பலர் வீட்டில் வைத்துப் பழகிய 386, 486 தலைமுறைப் பெட்டிகளைப் பெரும்பாலான வீடுகள் காணவேயில்லை. 2002 ஏப்ரலில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு லொறிகளில் பெட்டிகள் வரத் தொடங்கின. இந்த வீட்டின் முதலாவது அந்தக் காலத்தது: பென்ரியம் 3, 800 மெகாஹேர்ட்ஸ், 128 எம்பி நினைவகம், 20 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 98. இரண்டாவது பென்ரியம் 4, 2.4 கிகாஹேர்ட்ஸ், 478 ஊசிச் சொக்கற், இன்ரெல் 845 சிப்செற், 80 ஜிபி டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள். மூன்றாவது 2009க்குப் பிறகு வாங்கியது: இன்ரெல் ஜி31 போட், டுவல் கோர், 2 ஜிபி டிடிஆர்2, 160 ஜிபி சாட்டா டிஸ்க்.

வயதில் மூத்ததைத்தான் முதலில் பார்க்க மனம் போகும். வேலைக்கு அது சரிவராது. முதலில் திருத்த வேண்டியது மூன்றாவதை. ஜி31 போட்டில் சாட்டா முனைகளோடு, பழைய டிஸ்க்குகளுக்கான ஓர் ஐடீஈ முனையும் இருக்கிறது. பழைய இரண்டின் அகல நாடாக் கேபிளை அப்படியே அதில் பூட்டலாம். யூஎஸ்பியிலிருந்தும் பூட் ஆகும். இரண்டு காலத்துச் சாமான்களையும் ஏற்கிற போட் என்பதால் இதுவே வேலை மேசை. ஐடீஈயை யூஎஸ்பியாக மாற்றும் மலிவு அடப்டர்களும் உண்டு. ஆனால் டிஸ்க் தடுமாறும் இடத்தில் அவற்றில் பல தொடர்பையே அறுத்துவிடும். போட்டின் சொந்த முனைதான் நம்பகமானது.

திறப்பதும் துப்புரவும்

கடல் காற்றில் ஸ்குரூக்கள் கறள் பிடித்து இறுகியிருக்கும். தலை தேயும்வரை திருப்ப வேண்டாம். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு ஓர் இரவு வைத்தால் இளகும். தேங்காய் எண்ணெய் பிசினாகிப் போகும், வேண்டாம். தூசை இரண்டு அங்குல மென்மையான பெயின்ற் பிரஷ்ஷால் வெளியே முற்றத்தில் வைத்துத் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காற்று ஊதினால் விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் வேகமாகச் சுற்றும் விசிறியின் பெயாரிங் கெடும்.

பல்லி எச்சம் சாதாரண அழுக்கு இல்லை. அதிலுள்ள யூரிக் அமிலம் ஈரப்பதத்தோடு சேர்ந்து செப்புத் தடங்களைத் தின்னும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் இதற்குச் சரிவராது, தண்ணீரும் சிலவேளை எண்ணெயும் கலந்திருக்கும். நினைவகத் துண்டுகளின் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்தாலே 'திரை வரவில்லை, நீளமாகப் பீப் அடிக்கிறது' என்கிற முறைப்பாடுகளில் பாதி தீர்ந்துவிடும்.

பவர் சப்ளை

மூன்று பெட்டியின் பழைய சப்ளைகளையும் ஒதுக்கிவிட்டுப் புதிது ஒன்று வாங்கி, மூன்றுக்கும் மாறி மாறிப் பயன்படுத்துவதே என் முடிவு. 2013இல் தேசிய மின்வலையமைப்போடு இணையும்வரை இங்கே வோல்ற்றேஜ் ஏறியிறங்கியதில் அடிபட்டவை அவை. அவற்றைத் திருத்துகிற நேரத்துக்குப் பெறுமதி இல்லை. திறந்தும் பார்க்க வேண்டாம். 230 வோல்ற் ஏசி உள்ளே ஏறத்தாழ 325 வோல்ற் டிசி ஆகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது பெரிய கப்பாசிற்றர்களில் தங்கி நிற்கும்.

பழையதைத்தான் சோதிக்க வேண்டும் என்றால், முதலில் பின்புறச் சிவப்புச் சுவிச் 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115இல் நின்றால் கரண்ட் போட்ட கணத்திலேயே உள்ளே வெடிக்கும். எல்லா வயரையும் போட்டிலிருந்து கழற்றி, சப்ளைக்குப் பாரமாக (லோட்), இனி வேண்டாத ஒரு சீடி டிரைவை மட்டும் பூட்டுங்கள். ஊதா வயரில் 5 வோல்ற் எப்போதும் இருக்க வேண்டும். அது இருந்தால் பெரிய பிளக்கின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு வளைத்த கம்பியால் இணையுங்கள், விசிறி சுற்றும். பிறகு கறுப்பை அடியாக வைத்து மல்ரிமீற்றரில் அளக்க வேண்டும்: மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, செம்மஞ்சள் 3.14 முதல் 3.47. எல்லைக்கு வெளியே போனால் அந்தச் சப்ளை முடிந்தது.

புதிய சப்ளையின் பெரிய பிளக் 24 ஊசி. பழைய போட் 20 ஊசி. ஓரத்து நான்கும் பெரும்பாலும் கழன்று வரும், அதைத் தொங்கவிடலாம். பென்ரியம் 3 போட்டுகள் பலவற்றில் சிபியுவுக்கு மின்சாரம் 5 வோல்ற்றிலிருந்துதான் போகிறது. புதிய சப்ளைகளின் பலம் 12 வோல்ற்றில். அதனால் லேபலில் 5 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். 15 இருந்தால் பென்ரியம் 3க்குப் போதும். பழைய வெள்ளை வயர், அதாவது மைனஸ் 5 வோல்ற், புதிதில் இருக்காது. ஐஎஸ்ஏ காலத்து சவுண்ட் கார்ட் ஏதும் இருந்தால் தவிர அது தேவைப்படாது.

மூன்றாவது பெட்டியில் வேறு பெரிய வேலை இல்லை. சிஆர்2032 நாணயப் பற்றரி 2.1 வோல்ற்றுக்கு இறங்கியிருந்தது. புதியது 3 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். சிபியு விசிறியின் நான்கு பிளாஸ்ரிக் கால்களையும் குறுக்கு மூலைகளாக அழுத்துங்கள். நான்கும் 'டிக்' என்று விழ வேண்டும். ஒன்று தூக்கி நின்றாலும் சிபியு சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி 'ஸ்லோ' என்று கடைக்குப் போன எத்தனையோ பெட்டிகளின் நோய் இதுதான்.

டிஸ்க்கிலிருந்து பிரதி எடுப்பது

கோப்புகளைத் தேடித்தேடிக் கொப்பி பண்ண வேண்டாம். டிஸ்க் முழுவதையும் ஒரே படிமமாக (இமேஜ்) எடுத்துவிட்டு, தேடுவதைப் படிமத்தில் செய்யுங்கள். வயதான டிஸ்க் நேர்கோட்டில் ஒருமுறை வாசிப்பதைத் தாங்கும். அங்கும் இங்கும் தாவுவதைத் தாங்காது.

டிஸ்க்கின் பின்னாலுள்ள ஊசிகளை இணைக்கும் சிறு மூடியான ஜம்பரில் பலரும் இடறுவார்கள். டிஸ்க்கின் மேல் லேபலில் படம் இருக்கும். நாடாக் கேபிளில் தனியாகப் பூட்டுகிற டிஸ்க்கை 'மாஸ்ரர்' என்று வைத்தால் போதும். வெஸ்ரேர்ன் டிஜிற்றல் டிஸ்க்குகளில் மட்டும் 'தனி' என்றும் 'ஸ்லேவோடு கூடிய மாஸ்ரர்' என்றும் இரண்டு நிலை உண்டு. தனியாகப் பூட்டும்போது ஜம்பரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயோஸ் அதைக் காணாது. கேபிள் 80 வயர் உள்ளதாக இருக்கட்டும்: நீல முனை போட்டுக்கு, கறுப்பு முனை மாஸ்ரருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. பயோஸில் டிஸ்க் வகையை 'ஓட்டோ' என்றே விடுங்கள்.

அடுத்து, விண்டோஸில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூட்டியவுடனேயே அது டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். 'ஸ்கான் செய்து சரிசெய்யவா', 'ஃபோமற் செய்யவா' என்று கேட்கும், வீட்டில் யாராவது 'யெஸ்' அழுத்திவிட்டால் அவ்வளவுதான். பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஓடவிட்டு, டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதற்கு மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: மூல டிஸ்க், படிமக் கோப்பு, எதுவரை வாசித்தது என்று குறித்துவைக்கும் மாப் கோப்பு. மூலமும் இலக்கும் மாறினால் எல்லாம் அழியும். அதனால் 'என்ரர்' அழுத்த முன்னர் டிஸ்க்குகளின் அளவைப் பட்டியலிட்டு, 20 ஜிபி எது, 80 ஜிபி எது, வெளி டிஸ்க்கின் 1 ரிபி எது என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வெளி டிஸ்க் ஃபாற்32 ஆக இருந்தால் 4 ஜிபியில் படிமம் நின்றுவிடும். என்ரிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ற்4 ஆக இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் 'என்' (-n) தெரிவைக் கொடுங்கள். கெட்ட இடங்களைச் சுரண்டாமல், நல்ல இடம் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடும். இரண்டாம் ஓட்டத்தில் அதே மாப் கோப்பைக் கொடுத்து, மூன்று முறை மீள முயலும்படி கெட்ட இடங்களுக்குப் போகவிடுங்கள். மாப் கோப்பு இருப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. நல்ல நிலையிலுள்ள 80 ஜிபி டிஸ்க் யூஎஸ்பி 2 வழியாக ஒரு மணித்தியாலமளவில் முடியும். அரை நாளாகியும் நகராவிட்டால் டிஸ்க்கின் வாசிக்கும் தலை நோயில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே சீராக 'டிக் டிக்' என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். அது மென்பொருளால் தீராது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு கதை சுற்றுகிறது. இங்கேயுள்ள ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் தட்டின்மேல் தண்ணீர் முத்துக்கட்டும். தலை அதில் உரசினால் மிச்சமிருந்ததும் போய்விடும்.

படிமத்தை வாசிக்க மட்டும் திறந்து தேடுங்கள். விண்டோஸ் 98இல் 'மை டொக்கியுமென்ற்ஸ்' சி டிரைவின் வாசலிலேயே இருக்கும். எக்ஸ்பியில் 'டொக்கியுமென்ற்ஸ் அன்ட் செற்றிங்ஸ்' உள்ளே, ஆளின் பெயரில். டெஸ்க்டொப்பையும் டி டிரைவையும் மறக்க வேண்டாம், நம்மவர்கள் முக்கியமானதை அங்கேதான் போடுவார்கள். பென் டிரைவ் வைரஸ்கள் பரவிய காலத்துப் பெட்டிகளில் உண்மையான கோப்புறைகள் மறைக்கப்பட்டு, அதே பெயரில் போலிக் கோப்பு ஒன்று கோப்புறைப் படத்தோடு நிற்கும். லினக்ஸில் இரண்டும் தெரியும். பின்னொட்டு 'எக்ஸே' என்று முடிகிற எதையும் எடுக்க வேண்டாம். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையை மட்டும் முழுதாக எடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

பென்ரியம் 4ஐ மட்டும் ஏன் திருத்த வேண்டும்

படிமம் கைக்கு வந்துவிட்டால் பழைய பெட்டிகளை ஏன் திருத்த வேண்டும் என்று கேட்கலாம். பென்ரியம் 3ஐத் திருத்தத் தேவையில்லை, உண்மைதான். அதிலிருந்த வேர்ட் கோப்புகளையும் படங்களையும் இன்றைய கணினி திறக்கும். பென்ரியம் 4இல் நிலைமை வேறு. கல்வெட்டு, கோயில் மலர் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அந்த மென்பொருளின் கதை முடிந்தது. படிமத்தை விர்ச்சுவல் கணினியில் ஓடவிட்டால், டிஸ்க் கொன்ரோலர் மாறியதால் எக்ஸ்பி 7பி என்ற நீலத்திரையில் விழும். அதைச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் அந்த எக்ஸ்பிக்குப் பழக்கமான அதே போட்டைத் திருத்துவது, சோல்டரிங் தெரிந்த கைக்கு இலகு.

பெட்டியைத் திறந்ததும் நோய் கண்ணுக்கே தெரிந்தது. சிபியு சொக்கற்றுக்கும் பின்பக்க முனைகளுக்கும் நடுவே வரிசையாக நின்ற 3300 மைக்ரோஃபரட், 6.3 வோல்ற் கப்பாசிற்றர்களில் நான்கின் தலை பூரிபோல உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்புப் பசை. 1999 முதல் 2007 வரையான போட்டுகளில் உலகம் முழுக்க வந்த நோய் இது. உள்ளேயிருக்கும் திரவத்தின் கலவை பிழைத்து, ஐதரசன் வாயு உண்டாகித் தலையைத் தள்ளுகிறது. சிபியுவுக்குப் போகும் மின்சாரம் சீராக இல்லாததால் கணினி சூடானதும் உறையும், தானாக ரீஸ்ராற் ஆகும். அந்தக் காலத்தில் இதை வைரஸ் என்று நினைத்து எத்தனை பேர் விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள்!

முதலில் ஹீற்சிங்கைக் கழற்ற வேண்டும். 478 சொக்கற்றில் இதுதான் ஆபத்தான இடம். நடுவிலுள்ள வெப்பப் பூச்சுக் காய்ந்து ஒட்டியிருப்பதால், நேரே மேலே இழுத்தால் பூட்டிய சொக்கற்றிலிருந்து சிபியுவும் சேர்ந்து பிடுங்கி வரும். ஊசிகள் வளையும். ஹெயார் டிரையரால் சில நிமிடம் சூடாக்கி, கொழுக்கிகளை எடுத்து, இடவலமாகத் திருகித் திருகிப் பிசின் விட்ட பிறகே தூக்குங்கள். ஊசி வளைந்துவிட்டால், உள்ளே எழுதுகரி போடாத 0.5 மில்லிமீற்றர் மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் ஊசியை விட்டு மெதுவாக நிமிர்த்தலாம்.

மாற்றுக் கப்பாசிற்றர் 105 டிகிரி, உள்தடை குறைந்த லோ ஈஎஸ்ஆர் வகையாக இருக்க வேண்டும். ரீவி திருத்தும் கடைகளில் கிடைக்கும் 85 டிகிரிச் சாதாரண வகை இதற்கு உதவாது. அதன் உள்தடை அதிகம், சூடாகித் திரும்பவும் உப்பும். கொள்ளளவு அதே 3300, வோல்ற் 6.3 அல்லது 10, விட்டம் 10 மில்லிமீற்றர். 12.5 வாங்கினால் ஹீற்சிங்கின் சட்டத்தில் முட்டும். உப்பியதை மட்டும் மாற்ற வேண்டாம், அதே வரிசை, அதே தயாரிப்பு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கழற்ற முன்னர் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். கப்பாசிற்றரில் கோடு உள்ள பக்கம் மைனஸ். போட்டில் பல தயாரிப்பாளர்கள் மைனஸ் பக்கத்தை நிறந்தீட்டிக் காட்டுவார்கள், சிலர் அதே குறியைப் பிளஸ்ஸுக்கு இடுவார்கள். போட்டின் குறியை நம்பாமல் படத்தை நம்புங்கள். மதர்போட்டின் உள்ளடுக்குச் செப்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாற் அயனால் முடியாது, 60 வாற் வேண்டும். பழைய ஈயத்தின் மேல் 60/40 ஈயம் கொஞ்சம் சேர்த்தால் அது இலகுவில் உருகும். ஒரு காலைச் சூடாக்கிக் கப்பாசிற்றரைச் சரித்து, மற்றக் காலைச் சூடாக்கி மறுபக்கம் சரித்து, இப்படியே நடத்தி வெளியே எடுங்கள். குறட்டால் இழுத்தால் துளையின் உட்சுவர்ச் செப்பும் கூடவே வரும். பிறகு உள்ளடுக்கோடு தொடர்பு இல்லை, போட் முடிந்தது. அதே காரணத்தால் அடைபட்ட துளையை டிரில் போட்டுத் துளைக்கவும் கூடாது. ஈயத்தை உருக்கிக்கொண்டே மறுபக்கத்தால் துருப்பிடிக்காத எஃகு ஊசியை விடுங்கள். எஃகில் ஈயம் ஒட்டாது, ஆறியதும் ஊசி கழன்று வரும், துளை சுத்தமாக நிற்கும்.

புதிய வெப்பப் பூச்சை ஒரு பயறளவு சிபியுவின் நடுவில் வைத்துப் பூட்டி, பெரிய பிளக்கோடு நான்கு ஊசி 12 வோல்ற் பிளக்கையும் மறக்காமல் செருகுங்கள். அந்தச் சிறியது இல்லாவிட்டால் விசிறி சுற்றும், திரை வராது. மூல டிஸ்க்கைப் பூட்ட வேண்டாம், படிமத்தை இன்னொரு 80 ஜிபி அல்லது சற்றுப் பெரிய ஐடீஈ டிஸ்க்குக்கு எழுதிப் பூட்டுங்கள். பழைய பயோஸ்களில் பல 137 ஜிபிக்கு மேல் காணாது என்பதையும் பாருங்கள். இணையத்தோடு தொடுக்க வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்படுத்தல் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.

பாமினி

எக்ஸ்பி ஏறியதும் பேஜ்மேக்கரைத் திறந்து ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக்குவதுதான் வேலை. எக்ஸ்பியில் ஓடக்கூடிய ஒரு பிடிஎஃப் பிரின்ரரைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள். அதன் அமைப்பில் 'எழுத்துருவை உட்பொதி' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சரியாக வந்ததா என்று அதே கணினியில் பார்ப்பதில் பலனில்லை, அங்கே எழுத்துரு இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு அனுப்பித் திறவுங்கள். அந்தக் கோப்புகளை அடித்த தமிழ் எழுத்துருவான பாமினி அதில் கிடையாது. அங்கும் தமிழ் வடிவாகத் தெரிந்தால் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தால் பதியவில்லை.

தேடவும் திருத்தவும் வேண்டுமானால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கிலமாகவே தெரியும், எழுத்துருக் கோப்புறையை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதனால் கோப்பு முழுவதையும் மாற்றிக்கு அப்படியே கொடுத்தால், வெளிநாட்டு முகவரிகள், மின்னஞ்சல், பட்டப் பெயர்ச் சுருக்கம் போன்ற ஆங்கிலப் பகுதிகளும் 'தமிழாகி'க் குப்பையாகும். வேர்டில் எழுத்துருவின் பெயரால் தேடி, பாமினிப் பகுதிகளை மட்டும் பிரித்து எடுத்து மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று தங்கும். பாமினியில் தட்டெழுதியவர்கள் 'ரி', 'ர்' என்பவற்றுக்குக் கீழ்க்கால் இல்லாத ரகரம் அழகு என்று, துணைக்கால் (ா) விசையோடு இகர விசிறியையோ (ி) புள்ளியையோ (்) சேர்த்து அடிப்பது வழக்கம். தாளில் அது சரியான 'ரி'யேதான். சில மாற்றிகள் அதை அப்படியே துணைக்கால், விசிறி என்று இரண்டு குறியாகத் தரும். திரையில் ஏறத்தாழச் சரியாகத் தெரியும். ஆனால் வம்சாவளியில் 'மகேஸ்வரி' என்று தேடினால் கிடைக்காது. ஆகவே மாற்றிய கோப்பில் 'ாி' எல்லாவற்றையும் 'ரி' என்றும், 'ா்' எல்லாவற்றையும் 'ர்' என்றும் மாற்றீடு செய்யுங்கள். தமிழில் துணைக்காலுக்குப் பின் விசிறியோ புள்ளியோ வரவே முடியாது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாவற்றையும் மாற்று' அழுத்தலாம். கொம்பு உள்ள எழுத்துகளையும் பார்க்க வேண்டும். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் இருக்கும். ஒருங்குறியில் மெய் முதலில். வரி முறிகிற இடத்தில் கொம்பு தனியாகப் போயிருந்தால் மாற்றி தடுமாறும், அந்த இடங்களைப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.

பென்ரியம் 3இன் டிஸ்க் ஜம்பர் சரியானதும் முழுதாக வந்தது. பெட்டியை அப்படியே விடலாம். பழைய குழாய் மொனிற்றரைத் திறக்க வேண்டாம். உள்ளே 25,000 வோல்ற் வரை நிற்கும், கண்ணாடியில் ஈயம் உண்டு. குப்பைமேட்டில் உடைக்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். விஜிஏ முனை உள்ள எந்தத் தட்டைத் திரையும் மூன்று பெட்டிக்கும் பொருந்தும்.

முடிவில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான்கு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்: மூலப் பேஜ்மேக்கர் கோப்பு, பாமினி எழுத்துருக் கோப்பு, பிடிஎஃப், ஒருங்குறி உரை. இந்தக் கோப்புறையும் டிஸ்க் படிமங்களும் வீட்டில் ஒரு வெளி டிஸ்க்கில், கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ உள்ள உறவினரிடம் இன்னொன்றில். அச்சடித்த கல்வெட்டையும் மலரையும் குடும்பத்தின் சம்மதத்தோடு, ஈழத்து நூல்களைச் சேகரிக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கும் கொடுக்கலாம். மூல டிஸ்க்குகளைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, எந்தப் பெட்டியுடையது என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்கும்வரை அவற்றை அழிக்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.